ஊருக்குள் ஜாயிண்ட் இல்லாத கேபிள்

போன வாரம் ஒரு மத்தியானம் ரசத்துக்குத் தாளிக்க எண்ணெயைக் காய வைத்திருந்தேன். கைப்பேசி அடித்தது. எடுத்தால் கோயமுத்தூர்ப் பேச்சு.

“வணக்கங்க மேடம், நான் நவீனுங்க. உங்க இடத்துக்குப் புதுசா வந்திருக்கிற பொறியாளருங்க.”

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவர்களில் யாரும் நிலைத்ததில்லை. வருவார்கள், வெயிலைப் பார்ப்பார்கள், மாறுதல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல எனக்கு ஒரு தடவையாவது போன் போட்டுவிடுவார்கள். ‘கனி மேடத்தைக் கேளு’ என்று ஆபீஸில் யாராவது நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குப் பென்ஷன் வந்ததே தவிர ஓய்வு வரவில்லை.

“சொல்லுப்பா” என்றேன்.

“எம். புதுப்பட்டி தாண்டி ஒரு ஊருக்கு நீங்க ஃபைபர் கேபிள் போட்டிருக்கீங்கல்லங்க, நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்கு? ஊருக்குள்ள ஒரு ஜாயிண்டு கூட இல்லீங்களே, வரைபடத்துல குறிக்க மறந்துட்டீங்களா? இப்பப் பள்ளிக்கூடத்துக்கும் இன்டர்நெட் கேட்டிருக்காங்க. நடுவுல வெட்டி ஒரு ஜாயிண்டு போட்டுக் குடுத்தரலாம்னு வந்திருக்கோம். ஒரு வீட்டு முன்னால தகரச் சாய்ப்பு இருக்குங்க, காத்தில்லாம நல்ல நிழல். மிஷினை அங்க வச்சு…”

“ஏலே, இரு! மிஷின் பெட்டியத் தொறந்துராத! நான் சொல்றதக் கேளு…”

லைன் போய்விட்டது. அந்த ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். ஊருக்குள் காலை வைத்தால் அறுந்துவிடும். நான் கத்தியதில் அவன் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. திருப்பிப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒருத்தி தேனொழுகச் சொன்னாள். உடனே அடுப்பை அணைத்தேன். வேடிக்கையைப் பாருங்கள், என் வீட்டு அடுப்பை அணைத்து அங்கே என்ன ஆகப்போகிறது?

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நவீனுக்குப் பிறகு வருகிறவனும் இதையே கேட்பான். ஊர்ப் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

நான் சாத்தூர்க்காரி. டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காதில் ஹெட்செட்டோடு இருந்தபடியே இலாகா பரீட்சைக்குப் படித்தேன், கோட்டைவிட்டேன், மறுபடி எழுதித் தேறினேன். சென்னையில் பயிற்சி. பாடம் நன்றாக இருந்தது, ஹாஸ்டல் சாம்பார் வாயில் வைக்க முடியாது. திரும்பி வந்து சிவகாசிப் பக்கம் பொறியாளர் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்புக் கதை.

பட்டாசு ஆலைகளுக்கும் எங்கள் துறைக்கும் வெகுகாலம் ஆகாது. நாங்கள் கொண்டுபோனது செம்புக் கம்பி. “ஒங்க கம்பி மின்னலக் கூட்டியாந்துரும், எட்டப் போங்க” என்று ஃபோர்மேன்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதில் நியாயம் இருந்தது. ஃபைபர் வந்த பிறகுதான் எங்களுக்கு அங்கே மரியாதை வந்தது. மயிரிழை மாதிரி கண்ணாடி நூல், அதற்குள் ஓடுவது வெறும் வெளிச்சம். நாங்கள் போட்ட கேபிளில் மருந்துக்குக்கூட இரும்பு கிடையாது. மின்னலுக்கு அதில் வேலையே இல்லை.

ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. கண்ணாடி நூலை முடிச்சுப் போட முடியாது. உருக்கித்தான் ஒட்ட வேண்டும். உருக்குவதற்கு மின்பொறி வேண்டும்.

எங்கள் ஜாயிண்டர் சுப்பையா அந்த வேலையைச் செய்கிறதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இழையின் மேல்தோலை இடுக்கியால் ஒரே இழுப்பில் உரிப்பார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பார். கீச்சென்று ஒரு சத்தம் கேட்கிற வரை துடைப்பார், அதற்கு முன்னால் விடமாட்டார். நுனியை வெட்டி, இரண்டு பக்கத்து நுனியையும் மிஷினுக்குள் எதிரெதிரே படுக்க வைத்து மூடியை மூடுவார். சின்னத் திரையில் இரண்டு நுனியும் தூண் மாதிரி பெரிதாகத் தெரியும். பொத்தானை அழுத்தினால் உள்ளே பளிச்சென்று ஒரு பொறி. கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். காற்றோ தூசியோ பட்டால் ஒட்டு கெட்டுப்போகும் என்பதால் சுப்பையா எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காற்றடிக்காத நிழலைத்தான் தேடுவார். நல்ல ஜாயிண்டருக்கு அதுதான் பழக்கம். அந்த நல்ல பழக்கம்தான் அன்றைக்கு எங்களைக் காவு கொடுக்கப் பார்த்தது.

அந்த ஊருக்கு லைன் கேட்டவர் கிரேஸ் சிஸ்டர். துணை சுகாதார நிலையத்தில் அவர் ஒருத்திதான் எல்லாம். பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல், தீபாவளிப் பட்டாசு சீசனில் தீக்காயம். ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

“மேடம், தீக்காயத்தோட ஒரு ஆள் வந்தா, அவங்களச் சிவகாசிக்கு அனுப்பணுமா, நேரா மதுரைக்கு அனுப்பணுமான்னு டாக்டர் பாத்துச் சொல்லணும். எங்கிட்ட டாக்டரு இல்ல. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போட்டோ அனுப்புனா வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. நான் ஒண்ண நெனச்சு அனுப்புவேன், அங்கன போனப்பறம் ‘இங்க ஏன் கொண்டாந்தீக’ன்னு திருப்பி விடுவாக. வண்டியில போறப்பவே ஒருத்தர் போயிட்டாரு மேடம். சீசனுக்கு முன்னால ஒரு லைன் போட்டுக் குடுங்க. வேற யாரும் வர மாட்டேங்காக, நாலு வீடு காசு கட்டுற ஊருக்கு எவன் வருவான்?”

வண்டியில் போனவர் பெயரைச் சொல்லும்போது சிஸ்டர் அழவில்லை, கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் கோட்டப் பொறியாளர் அருளப்பன் சாரிடம் ஓடினேன். அவரைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். கூட்டுகிற அம்மாவையும் ‘வாங்க’ என்பார். மிஷின் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். எதைத் தொடுவதற்கு முன்னாலும் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். நாம் தப்புப் பண்ணினால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நமக்கு வேர்த்து ஊற்றிவிடும். நாம் எழுதிக் கொண்டுபோகிற அறிக்கையை முழுக்கப் படிப்பார், ஓரமாக வைப்பார், பிறகு சொல்லுவார்: “சரி, எளுதுனது இருக்கட்டும். நடந்ததச் சொல்லுங்க.”

நான் சிஸ்டர் சொன்னதைச் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். “சீசனுக்குள்ள விளக்கு எரிஞ்சிருமா?” லைன் உயிரோடு இருந்தால் வீட்டில் வைக்கிற மோடம் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அவருக்கு வேலை முடிந்தது என்றால் அதுதான்.

“எரிஞ்சிரும் சார்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கேபிள் இழுத்தோம். ஒரு உருளைக் கேபிள் முடிகிற இடத்தில் அடுத்ததை ஒட்ட வேண்டும். அந்த இடம் சரியாக ஊருக்கு நடுவில், குருவம்மா வீட்டு வாசலில் வந்து விழுந்தது.

ஊருக்குள் எங்கள் ஜீப் நுழைந்தபோது தெருவே பரபரவென்றிருந்தது. மொட்டை மாடிகளில் பெண்கள் எதையோ அள்ளிக்கொண்டு இறங்கினார்கள். வடகம் போலும் என்று நினைத்தேன். எல்லா வீட்டு அடுப்பும் வெளியே, வேப்பமரத்தடியில் இருந்தது. வெக்கைக்கு வெளியில் சமைக்கிறார்கள் என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன். சாத்தூரில் பிறந்து வளர்ந்தவள் நான்! புத்தி எங்கே போயிற்றோ.

சுப்பையாவுக்குக் குருவம்மா வீட்டுச் சாய்ப்பு பிடித்துப்போயிற்று. தகரக் கூரை, மூன்று பக்கம் அடைப்பு, பின்னால் பூட்டிய அறை. இம்மிக் காற்று இல்லை. மிஷின் பெட்டியை அங்கே இறக்கினார்.

குருவம்மா ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும், ஒல்லி உடம்பு, வெறுங்கால்.

“இங்கன வேண்டாம்யா. வீட்டுக்காரருக்குக் காய்ச்சலு.”

“நாங்க உள்ள வரலம்மா. வெளிய ஒரு நிமிச வேலைதான்.”

“நாயி கடிக்கும்.”

சுப்பையா சுற்றுமுற்றும் பார்த்தார். “நாயி எங்கம்மா?”

“வெளிய போயிருக்கு. வந்துரும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. “ஏம்மா, ஒங்க ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான லைன் போடுறோம்? எங்க வீட்டுக்கா போடுறோம்? அரசாங்க வேலைய இப்பிடி மறிச்சா எப்பிடி?”

‘அரசாங்கம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் வாய் கப்பென்று மூடிக்கொண்டது. உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டதாக நான் நினைத்தேன். சுப்பையா ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார். அந்த வாடைக்கு எதிர்வீட்டுப் பெண்கள், “பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுட்டாரு பாரு பெரிய மனுசன்” என்று கேலி பேசினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே துடைத்தார், வெட்டினார், இரண்டு நுனியையும் படுக்க வைத்தார், மூடியை மூடினார். விரல் பொத்தானுக்குப் போயிற்று.

குருவம்மா இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தாள். வந்தவள் கால் இடறினாள். குடத்துத் தண்ணீர் அவ்வளவும் மிஷின் மேல்.

திரை ஒரு தடவை மினுங்கி அணைந்தது. அந்தக் கோட்டத்துக்கே இருந்த ஒரே மிஷின். நான் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கண்ணு தெரியலையா, கை கால் விளங்கலையா, ஒங்க ஊருல இனி தீஞ்சு கெடந்தாலும் எவனும் வரமாட்டான்… என்னென்னவோ கொட்டினேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மிஷினைக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலிருந்த பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடத்தைப் பிடித்திருந்த விரல்கள் நகக்கண் வரைக்கும் கறுப்பாக இருந்தன. அப்போதுதான் எனக்கு வேப்பமரத்தடி அடுப்பு ஞாபகம் வந்தது.

கருந்திரி! பட்டாசுக்கு வைக்கிற திரி. நூலில் கரிமருந்தைத் தோய்த்து உலர்த்துவது. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்யக் கூடாது, பிடித்தால் வழக்கு. சீசனில் ஆர்டர் குவியும்போது எத்தனையோ வீடுகளில் திருட்டுத்தனமாகச் செய்வார்கள்; செய்கிற வீட்டுக்குள் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மாடியில் காய்ந்துகொண்டிருந்ததை எங்கள் ஜீப்பைப் பார்த்து ரெய்டு என்று பயந்து, தெருக்காரர்கள் எல்லோரும் அள்ளிக்கொண்டுவந்து ஒரே அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்த அறைக் கதவுக்கு முன்னால்தான் நாங்கள் ஸ்பிரிட்டும் மின்பொறியுமாக உட்கார்ந்திருந்தோம்.

“சுப்பையா, எல்லாத்தையும் எடுத்து ஜீப்புல வைங்க. பேசாதீங்க. வைங்க” என்றேன். அவருக்கும் அதற்குள் புரிந்திருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குருவம்மா மெதுவாகக் கேட்டாள். “மேடம், நீங்க தாசில்தார் ஆபீசா?”

“இல்லம்மா, போன் ஆபீஸ்.”

“போன் ஆபீசுக்கு எதுக்கு ஜீப்பு?” என்றாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “சொன்னா புடிச்சுட்டுப் போயிருவீக. சொல்லாட்டி தெருவே போயிரும். நான் என்னத்தச் செய்ய?”

நான் அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையும் கறுப்பாயிற்று.

மறுநாள் அருளப்பன் சார் முன்னால் நின்றேன். ‘களப்பணியின்போது எதிர்பாராதவிதமாக’ என்று ஆரம்பித்து ஒரு அறிக்கை எழுதியிருந்தேன். படித்தார். ஓரமாக வைத்தார்.

“சரி. எளுதுனது இருக்கட்டும். நடந்ததச் சொல்லுங்க.”

சொன்னால் குருவம்மாவுக்கு வழக்கு. சொல்லாவிட்டால் மிஷினைப் பாழாக்கிய பழி சுப்பையா தலையில் விழும். கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், அப்படித் துடைத்தார். என் பிராணன் போய் வந்தது.

“மிஷின்ல தண்ணி பட்டுச்சு. அதான உண்ம?”

“ஆமா சார்.”

“எளுதுங்க. எம்பேரையும் சேத்து எளுதுங்க. நாந்தான் இடம் பாக்காம அனுப்புனேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்தம்மாவுக்குப் பயம் இருக்கற வரைக்கும் நமக்கு உண்மை சொல்லாது. இந்தத் தடவ தண்ணி ஊத்துச்சு. அடுத்த தடவ ஊத்த ஆளு இல்லன்னா? ஊருக்குள்ள பொறியே வேண்டாம், கனி. ஒரு ஜாயிண்டு கூட வேண்டாம்.”

அப்படித்தான் அந்தக் கேபிள் பிறந்தது. ஊருக்கு வெகுதூரத்தில், கரிசல் காட்டு நடுவில் ஒரு கூடாரம் அடித்து, மதுரையிலிருந்து இரவல் வாங்கிய மிஷினில் ஜாயிண்டை முடித்தோம். அங்கிருந்து ஊருக்குள் போகிற கேபிள் ஒரே நீளம். அதன் கடைசி நுனியை எக்ஸ்சேஞ்சிலேயே பிளக் வைத்துத் தயார் செய்து, துணியில் சுற்றிக் கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனோம். சிஸ்டரின் மேசைக்கு வந்ததும் பெட்டியில் சொருகினார் சுப்பையா. சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது. பச்சை வந்தது. கிரேஸ் சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அருளப்பன் சாருக்குப் போன் போட்டு, “சார், விளக்கு எரியுது” என்றேன். “தேவனுக்கு ஸ்தோத்திரம்” என்று வைத்துவிட்டார். அவர் அதிகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கருந்திரியை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். சார் சிஸ்டரிடம் பேசினார், சிஸ்டர் தெருப் பெண்களிடம் பேசினார். சில வீடுகளில் விட்டார்கள். குருவம்மா விட்டுவிட்டாள், அவளும் அவள் மகள் செல்வியும் உரிமம் உள்ள ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். எல்லோரும் விட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்தச் சீசனிலேயே செல்விக்கு ஆலையில் கையில் மருந்து பற்றிக்கொண்டது. சிஸ்டர் கையைக் கேமரா முன்னால் காட்டினார். பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்தார். “எதையும் பூசாதீங்க, நேரா மதுரைக்கு அனுப்புங்க, நான் சொல்லிவைக்கிறேன்” என்றார். விரல்கள் அத்தனையும் பிழைத்தன. செல்வி அந்தக் கையால்தான் இன்றைக்கும் பூக்கட்டுகிறாள். குருவம்மா ஆபீஸ் தேடி வந்து சாத்தூர்க்காரிக்கே சாத்தூர்ச் சேவு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊருக்குள் ஜாயிண்ட் கூடாது என்பதை நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் காரணத்தையும் எழுத வேண்டும். வாய் வார்த்தையாகத்தான் சொல்லி வந்தோம். சொன்னவர்கள் மாறிப்போனார்கள், கேட்டவர்களும் மாறிப்போனார்கள். இப்போது ஒரு கோயமுத்தூர்ப் பையன் அதே சாய்ப்பின் முன்னால் நிற்கிறான். தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கிறது. தெருவில் எந்த வீட்டில் என்ன இருக்கிறதோ!

நவீன் எண் கிடைக்கவே இல்லை. அப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த ஊரில் சிக்னல் இல்லாமல் பேச முடிகிற ஒரே போன் நாங்கள் போட்டதுதான். சுகாதார நிலையத்து எண் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பையன் கேபிளை வெட்டியிருந்தால் அதுவும் செத்துப்போயிருக்கும். போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் என் காலமெல்லாம் கேட்ட அந்த மௌனத்தை அன்றைக்குத்தான் வெறுத்தேன்.

மணி அடித்தது.

மணி அடிக்கிறது! அடித்தால் வெட்டவில்லை! முருகா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“வணக்கம், சுகாதார நிலையம்” என்றது கிரேஸ் சிஸ்டர் குரல்.

“சிஸ்டர், கனி பேசுறேன். குருவம்மா வீட்டு வாசல்ல எங்க பையன் ஒருத்தன் மிஷினோட நிக்கான். ஓடுங்க. தொறக்க விடாதீங்க!”

“அய்யோ கர்த்தரே!” ரிசீவர் மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. நான் காதை எடுக்காமல் நின்றேன். வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. மறுபடி காலடிச் சத்தம், இந்தத் தடவை நடந்து வருகிற சத்தம். சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

“மேடம், ஒண்ணும் ஆகல. பெட்டியத் தொறக்கவே இல்ல. குருவம்மா அது மேல ஏறி உக்காந்திருக்கு. ஒங்க பையன் ‘எந்திரிங்கம்மா, எந்திரிங்கம்மா’ன்னு கும்பிட்டுக்கிட்டு நிக்கான். இந்தா, குருவம்மாவும் எம்பின்னாலயே வந்திருச்சு. பெட்டியவும் தூக்கிட்டு வந்திருச்சு. பேசுங்க.”

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “குருவம்மா, எப்பிடி இருக்கீக? அந்தப் பயகிட்ட நான் சொல்லிக்கிடுறேன், ஊருக்கு வெளிய காட்டுல வச்சு ஒட்டிக்கிடட்டும்” என்றேன். மனசு லேசாகிவிட்டதால் கொஞ்சம் கிண்டலும் வந்தது. “ஆமா, இந்தத் தடவ ஏன் தண்ணி ஊத்தல?”

“ரெண்டு வாரமா தண்ணி லாரி வரல மேடம்” என்றாள் குருவம்மா. “குடத்துல இருந்தது குடிக்கத்தான் காணும். அதான் உக்காந்துட்டேன்.”